ஓடைக்கு அந்தாண்ட

அகிலா மலைக்குக் கிளம்பிவிட்டால் குமரன் வீட்டுத் தறி நின்றுவிடும். பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுத் தறி நின்றால் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் காதில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். "இன்னாப்பா, மலைக்காரி போயிட்டாளா?" என்று பால் வாங்குகிற இடத்தில் கேட்பார்கள். குமரன் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வருவான்.

அவன் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேரும் இடம் பல்லும் பல்லும் கடித்த மாதிரி அழுந்தி நிற்க வேண்டும். அதற்கு ஓர் ஆள் பத்தாது. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு அவன் உட்கார்ந்தால், பக்கத்தில் அகிலா உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரைக்கு ஊடை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவாள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அப்படித்தான். அவன் கால் மிதிக்கும் முன்பே அவள் கை தயாராக இருக்கும். வாய் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. அப்படியே பழகிப் பழகி, இரண்டு பேரும் ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சு குழம்புக்கு உப்பு போதுமா என்கிற அளவில் வந்து நின்றிருந்தது.

மலைப் பைத்தியம் அவளுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் பிடித்தது. தெருப் பெண்கள் ஒரு பௌர்ணமிக்கு வேன் பிடித்துப் பர்வதமலைக்குப் போனார்கள். குமரனின் அக்கா கங்கையம்மாள்தான் அவளை இழுத்துக்கொண்டு போனது. பாறையில் அடித்த கடப்பாறைப் படியில் தொங்கி ஏறும்போதே பாதிப் பேர் அழுதுவிட்டார்கள். உச்சியில் எல்லோரும் சாமிக்குப் பூப் போட்டுக்கொண்டிருக்க, அகிலாவைக் காணவில்லை. தேடிப் போனால் கோயிலுக்குப் பின்னால் பாறை முனையில் மேற்கே பார்த்தபடி நின்றிருந்தாள். அந்தப் பக்கம் ஜவ்வாது மலை, ஒன்றன் பின் ஒன்றாக, கடைசி வரிசை புகை மாதிரி.

"கூப்ட்டா திரும்பவே இல்லடா. தோள புடிச்சி உலுக்கினேன். அப்பகூட என்னை யாருன்னு தெரியாத மாதிரிதான் பாத்தா" என்று கங்கையம்மாள் இன்றைக்கும் சொல்வாள்.

அதற்குப் பிறகு அவள் நிற்கவில்லை. சென்னையிலிருந்து மலையேறப் போகிற பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டாள். மகள் தேவிப்ரியா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் அம்மாவுக்கு போனில் எல்லாம் தேடிக் கொடுத்தது. வடக்கே பனிமலையில் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று ஒரு மாதம் போய், முகத்தோல் உரிந்து, உதடு வெடித்து, கண் மட்டும் பளபளவென்று திரும்பி வந்தாள். சென்னைப் பிள்ளைகள் வழிகாட்ட அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். ஆனாலும் கூட்டத்தோடு போவதைவிடத் தனியாகப் போவதுதான் அவளுக்குப் பிடித்தது.

தன் அப்பாவின் அஸ்தியைக் கரைக்கத் திருமுக்கூடல் போனபோது, பாலாற்றோடு செய்யாறு வந்து சேருகிற இடத்தில் வெகுநேரம் நின்றாள். "இந்தத் தண்ணி எங்கேர்ந்துங்க வருது?" என்று கேட்டாள். "ஜவ்வாது மலைன்னு சொல்லுவாங்க" என்றான் குமரன். அவ்வளவுதான். ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போக ஆரம்பித்துவிட்டாள். ஒரு தடவை செய்யாறு ஊர் வரைக்கும் மணலிலேயே நடந்தாள். இன்னொரு தடவை அதற்கு மேலே. பிறகு அடிவாரம், பிறகு காடு. மலைமேல் ஒவ்வொரு ஊர்க்காரரும் எங்கள் ஓடைதான் செய்யாறு என்றார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்து, கடைசியில் ஊமத்தங்காடு என்கிற சின்ன ஊருக்கு மேலே ஓர் ஓடையில் வந்து நின்றிருந்தாள்.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. தறிக்குழியில் தண்ணீர் ஊறியது. காலையில் எழுந்ததும் குமரன் சொம்பால் மொண்டு ஊற்றுவான். மத்தியானம் மறுபடியும் கணுக்கால் நனையும். ஈரத்தில் பட்டு இழை விரலோடு ஒட்டியது. அகிலா நாடாவைத் தள்ளிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள். தெருவைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை. இரண்டு தடவை கை தப்பியது.

"எங்க இருக்கிற?" என்றான் குமரன்.

"மேக்கால இடிக்குது."

"இடிச்சா?"

"நாளைக்கு நான் போவணுங்க."

குமரன் காலை மிதிக்கட்டையிலிருந்து எடுத்துவிட்டான். "இந்த மழையிலயா?"

"மழையிலதாங்க தெரியும். வெயில்ல எல்லா ஓடையும் ஒரே மாதிரி கல்லாத்தான் கெடக்குது. இப்பதான் அது எங்க ஆரம்பிக்குதுன்னு பாக்க முடியும்."

"பாத்து?"

அகிலா யோசித்தாள். "பாக்கணும்" என்றாள்.

சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கங்கையம்மாள் எழுந்து வந்தாள். கணவன் இறந்த பிறகு பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிறவள். பகல் முழுக்க இங்கேதான். "ஞாயித்துக்கெழம கச்சபேஸ்வரர் கோயில்ல மாவிளக்கு எடுக்கறதா வேண்டிக்கினு இருக்குது. இவன் மண்டக்குத்து தீரணும்னு ரெண்டு பேரும் தலைல சுமக்கறதா சொன்னியா இல்லியா?"

"நீங்க எடுங்க அண்ணி. எனக்கும் சேத்து எடுங்க."

"தலை ரெண்டா இருக்குது எனக்கு?"

வேறு நாளாக இருந்தால் மூவரும் சிரித்திருப்பார்கள். குமரனுக்குப் பின்மண்டை விண்ணென்று தெறித்தது. பால் வாங்குகிற இடத்தில் கேட்ட கேள்விகள், கல்யாண வீடுகளில் 'தனியா வந்தியாப்பா' என்றவர்கள், சென்ற முறை அவள் மணிக்கட்டு வீங்கி வந்து தறி பல நாள் நின்றது, எல்லாம் ஒன்றாக வந்தது.

"போனா போனதுதான்" என்றான். "திரும்பி இந்த வூட்டு வாசப்படி மிதிக்காத."

கங்கையம்மாளே வாயைப் பொத்திக்கொண்டாள். அகிலா நாடாவைக் கீழே வைத்தாள். கோபமாக ஏதாவது சொல்லுவாள் என்று அவன் காத்திருந்தான்.

"சரிங்க" என்றாள்.

விடிவதற்கு முன்பே போய்விட்டாள்.

வங்காள விரிகுடாவில் தாழ்வு மண்டலம் என்று டிவியில் சொன்னார்கள். மறுநாள் ஜவ்வாது மலைப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதாகக் காட்டினார்கள். சிவப்புச் சேற்றில் ஒரு மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. அகிலாவின் போன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அதே குரலில் சொல்லிக்கொண்டிருந்தது.

அவனால் வீட்டில் உட்கார முடியவில்லை. குழித் தண்ணீரை மொண்டான். திரும்ப மொண்டான். மாடிக்குப் போய் மேற்கே பார்த்தான். ஏகாம்பரநாதர் கோபுரத்தின் மேல்பாதி மேகத்தில் போயிருந்தது. கீழே வந்து, "நீ உக்காருக்கா, கொஞ்சம் ஓட்டலாம்" என்று அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்தான். கங்கையம்மாள் சின்ன வயதில் நெய்தவள்தான். ஆனால் அவள் கை ஒரு பக்கம், அவன் கால் ஒரு பக்கம் போனது. இழை அறுந்தது.

"உடுடா. மனசு அங்க இருக்க கை எப்பிடி இங்க வரும்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தி, "தெருவுல ஒரு மாதிரி பேசறாங்க குமரா. மலைல எவனாவது..." என்று ஆரம்பித்தாள்.

"அக்கா!"

"நான் சொல்லல. சொல்றாங்கன்னு சொல்றேன்."

அங்கே யாரும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். ஒரு காலத்தில் அவனும் அப்படி நினைத்து அவள் போனை எடுத்துப் பார்த்திருக்கிறான். பாறையும் தண்ணீரும் மேகமும்தான் இருந்தன, நூற்றுக்கணக்கில். யாராவது இருந்திருந்தால் சட்டையைப் பிடிக்க ஓர் ஆளாவது கிடைத்திருப்பான்.

சனிக்கிழமை சாயங்காலம் வேலூரிலிருந்து தேவிப்ரியா கூப்பிட்டாள். அங்கே விடுதியில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மா போன் போவவே இல்லப்பா. எனக்கு கிளாஸ்ல உக்கார முடியல."

"எனக்கும்தாம்மா."

"நீ அம்மாவ ஏதாச்சும் சொன்னியா?"

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"சொல்லியிருக்கற. அத்த சொல்லிட்டாங்க." அவள் அழவில்லை, குரல் அகிலாவின் குரல் மாதிரியே ஏற்ற இறக்கமில்லாமல் இருந்தது. "அப்பா, நீ ஒருவாட்டி போய்ப் பாருப்பா. பொன்னியக்கா ஊருக்குத்தான் போயிருப்பாங்க."

பொன்னி என்கிற பெயர் அந்த வீட்டில் பழகிய பெயர். 'பொன்னி வூட்டுத் தேன்', 'பொன்னி குடுத்த சாமை' என்று மலையிலிருந்து வருகிற எல்லாம் அந்தப் பெயரில்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அவன் செருப்பை மாட்டும்போது கங்கையம்மாள் மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், மிளகாய்ப்பொடி தடவிய இட்லிகளை வாழை இலையில் வைத்துக் கட்டிக் கொடுத்தாள்.

"அவளுக்கும் சேத்துத்தான் வெச்சிருக்கேன். நீயே தின்னுடாத."

ஆரணி பஸ் செவிலிமேடு தாண்டிப் பாலத்தில் ஏறியது. எந்நேரமும் மணலாகவே பார்த்த பாலாறு, கரைக்குக் கரை செம்பழுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஜனங்கள் வரிசையாகச் சாய்ந்து போனில் படம் எடுத்தார்கள். குமரன் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. உயரத்திலிருந்து தண்ணீரைப் பார்த்தால் அவனுக்கு உள்ளங்காலில் கூசும். மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவக்கூட அகிலாதான் ஏறுவாள்.

ஆரணியில் வேறு பஸ் மாறினான். போளூருக்கு மேல் மலைப் பஸ் பாதி வழிதான் போனது. சரிந்த மண்ணைப் பொக்லைன் அள்ளிக்கொண்டிருந்தது. மலைக்காரர்கள் தலையில் மூட்டையோடு அந்தச் சேற்றில் சாதாரணமாக ஏறி இறங்கினார்கள். அவன் நான்கு காலில் தவழ்ந்து தாண்டினான். ஒரு செருப்பு சேற்றுக்குள்ளேயே போய்விட்டது. இன்னொன்றையும் அங்கேயே விட்டுவிட்டு நடந்தான். யார் யாரையோ விசாரித்து, டிராக்டரில் கொஞ்ச தூரம் தொற்றிக்கொண்டு, ஊமத்தங்காடு போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

பொன்னி முப்பது வயதுப் பெண். அடுப்பு முன்னால் உட்கார்ந்து ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். சேறு அப்பிய காலோடு வாசலில் நின்றவனைப் பார்த்துவிட்டு, "தறிக்காரரா?" என்றாள்.

"எப்பிடித் தெரியும்?"

"வெரலப் பாத்தேன். உள்ள வாங்கண்ணா."

"அகிலா எங்க?"

"நேத்து காலம்பற மேல போச்சு. இன்னும் எறங்கல."

அவன் அப்படியே திரும்பினான். பொன்னி எழுந்து குறுக்கே வந்தாள். "இப்ப எங்க போறீங்க? இருட்டப் போவுது. நீங்க உழுந்துட்டீங்கன்னா உங்களத் தேட நாலு பேர் வரணும்."

"போலீசுக்கு, பாரஸ்டுக்குச் சொல்லலாம்ல?"

"சொல்லியாச்சு. ரோடு சரியாவட்டும்னு சொல்றாங்க. அக்காவுக்கு ஒண்ணும் ஆவாதுண்ணா. ஓடைக்கு அந்தாண்ட ஒரு குடைப்பாறை இருக்குது, தண்ணி ஏறினா அங்க போய்க் குந்திக்கும். கல்ல தொட்டுப் பாத்துத்தான் அது காலே வெக்கும். மாட்டு மேல கை வெக்கற மாதிரி மெல்லத் தொடும், பாத்திருக்கீங்களா?"

அவன் பார்த்ததில்லை. தன் மனைவியைப் பற்றி இந்தப் பெண் தனக்குச் சொல்வது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

"இங்க வந்தா பேசுமா?" என்றான்.

"யாரு, அக்காவா? வாய மூடாதே! பாட்டு வேற. எங்க வூட்டுக்காரரு தூக்கம் வரலன்னு எழுந்து மாட்டுக்கிட்ட போயிடுவாரு."

பொன்னி சிரித்தாள். குமரன் சாமைச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

காலையில் மழை விட்டிருந்தது. மேகம் மட்டும் மரங்களுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. பொன்னி மாட்டுக் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு, உரச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் போனாள். இட்லிப் பொட்டலத்தோடு குமரன் பின்னால். சாமைக் கொல்லை முடிந்ததும் மூங்கில், அப்புறம் கடுக்காய் மரங்கள். கண்ணுக்குத் தெரியும் முன்பே ஓடை காதில் விழுந்தது. முதலில் பஸ் வருகிற மாதிரி. கிட்டப் போகப் போக வேறு எதுவும் கேட்காத மாதிரி.

அகலமான ஓடை அல்ல. வெயில் காலத்தில் ஒரு சின்னப் பெண் தாண்டிவிடுவாள் என்றாள் பொன்னி. இப்போது வெள்ளையும் பழுப்புமாகப் பாறைகளின் மேல் ஏறிப் புரண்டு இறங்கியது. கிளைகள் சுழன்று போயின. அந்தாண்டப் பக்கத்தில், குடை மாதிரி நீட்டிய பாறைக்குக் கீழே, நீலச் சட்டையும் பேண்ட்டும் போட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு அகிலா உட்கார்ந்திருந்தாள்.

குமரன் இட்லிப் பொட்டலத்தைக் கீழே வைத்தான். கையை வாயில் குவித்துக் கத்தினான். "அகிலா!"

அவள் பார்த்தாள். முதலில் பொன்னியை. பிறகு அவனை. எழுந்து நின்று, கண்ணைக் கையால் மறைத்து உற்றுப் பார்த்தாள். நம்பவில்லை என்பது அங்கிருந்தே தெரிந்தது. அவன் தண்ணீரை நோக்கி இறங்கியதும் இரண்டு கையையும் வேகமாக ஆட்டினாள்: வராதே. தண்ணீரைக் காட்டினாள், வானத்தைக் காட்டினாள், உள்ளங்கையை மெல்லக் கீழே இறக்கினாள். தண்ணீர் இறங்கட்டும், உட்கார்.

"நான் சொன்னது தப்புடி!" என்று கத்தினான். அவள் காதில் கையை வைத்துத் தலையை ஆட்டினாள். கேட்கவில்லை. "தப்பு! வூட்டுக்கு வா!" ஓடை அதையும் அடித்துக்கொண்டு போனது.

ஒன்றும் கேட்காது என்று தெரிந்த பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. ஊரில் எல்லோரும் கேட்பதை, அவள் இல்லாத வீட்டில் உலை கொதிக்கிற சத்தம்கூடத் தனக்குப் பயமாக இருப்பதை, அவள் போனில் திருட்டுத்தனமாகத் தேடியதை, இங்கே பாடுகிறவள் தன்னிடம் ஏன் பாடவில்லை என்பதை, எல்லாவற்றையும் தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினான். அகிலா தலையைச் சாய்த்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற பொன்னிக்கு எல்லாம் கேட்டது. அவள் திரும்பி ஒரு மரப்பட்டையை உரித்துக்கொண்டிருந்தாள்.

பொழுது ஏறியது. தண்ணீர் இறங்குகிற மாதிரி தெரியவில்லை. பொன்னி இட்லியைப் பிரித்தாள். அவனுக்கு இறங்கவில்லை. அந்தாண்ட அகிலா பையிலிருந்து எதையோ எடுத்துக் கொறித்தாள், நெல்லிக்காயாக இருக்கும்.

வேறு செய்ய ஒன்றுமில்லாததால் அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க, அவள் ஓரத்தில் பாதி முழுகும்படி ஒரு கல்லை நட்டு வைத்தாள். அட்டையும் எறும்பும் இருக்குமே என்று அவன் பயந்துகொண்டிருக்கும்போதே, முட்டையைத் தூக்கிக்கொண்டு போன எறும்பு வரிசைக்கு வழிவிட்டுத் தன் பையை நகர்த்தி வைத்தாள். இலை நுனியில் சொட்டுகிற தண்ணீரை வாயைக் காட்டிக் குடித்தாள். பிறகு பாறைமேல் குப்புறப் படுத்து, கன்னத்தை அதில் வைத்து, கண்ணை மூடினாள். ஒரு கை பாறையைத் தடவிக்கொண்டே இருந்தது.

"இன்னா செய்றா?"

"கேக்குதுண்ணா. பாறைக்கு உள்ளாற தண்ணி ஓடினா காதுல கேக்கும்."

தறியில் உட்காரும்போது அகிலாவின் தோள்கள் எப்போதும் கொஞ்சம் தூக்கியே இருக்கும். அது அவள் உடம்புவாகு என்று நினைத்திருந்தான். இங்கே அவை இறங்கியிருந்தன. ஈரப் பாறைமேல் கிடந்த அந்தப் பெண்ணை அவன் இதுவரை பார்த்ததே இல்லை. பார்க்கக் கூடாததைப் பார்ப்பது போல் இருந்தது; கண்ணை எடுக்கவும் முடியவில்லை. பொறாமையாக இருந்தது. கல்லைப் பார்த்து ஒரு மனிதன் பொறாமைப்படுவானா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

மத்தியானத்துக்கு மேல் மேகம் கிழிந்து வெயில் வந்தது. அகிலா நட்ட கல் முழுசாக வெளியே தெரிந்தது. அவள் எழுந்து பையை மாட்டினாள். பொன்னி கயிற்றைப் பிரித்து ஒரு நுனியை நாவல் மரத்தில் கட்டினாள்.

"வரலாம்ணா. இப்ப தாண்டினா வெளிச்சத்துலயே ஊருக்குப் போயிடலாம்."

ஆனால் அகிலா தண்ணீரைப் பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். மேகம் விலகிய இடத்தில் ஓடை வந்த பள்ளம் தெரிந்தது. அதற்கு மேலே ஒரு புல் மேடு, வெயிலில் மஞ்சளாக. அதற்கு மேலே வானம்தான்.

"ஆறு ஆரம்பிக்கிறது அதானா?" என்றான் குமரன்.

"அதாதான் இருக்கும். அக்கா இத்தினி தடவை வந்தும் இந்த மேடு கண்ல பட்டதில்ல. இப்ப போனா திரும்பி வரதுக்குள்ள இருட்டிடும். ராவு மழை புடிச்சா தண்ணி மறுபடி ஏறிடும். நாளைக்கி ஏறிக்கலாம்னு சொல்லிடலாம்."

அகிலா மேலே பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து, கயிற்றை வாங்கத் தண்ணீர் ஓரத்துக்கு இறங்கினாள். தறிக்கு முன்னால் உட்காருகிறபோது இறங்குவாளே, அதே இறக்கம். தோள் மேலே ஏறியிருந்தது.

"கயித்த போடாத" என்றான் குமரன்.

"ஏண்ணா?"

அவன் தண்ணீர் ஓரம் வரைக்கும் போய் நின்றான். கையைத் தூக்கி அந்தப் புல் மேட்டைக் காட்டினான். அவளைக் காட்டினான். போ என்று கையை வீசினான். அவள் புரியாமல் நின்றாள். அவன் மறுபடியும் காட்டினான். பிறகு தன் நெஞ்சில் கையை வைத்து, காலடியில் இருந்த பாறையைக் காட்டி, அதன்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

அகிலா சட்டென்று திரும்பி, பள்ளத்தின் ஓரமாகக் கல்லுக்குக் கல் கை வைத்து ஏற ஆரம்பித்தாள். நீலச் சட்டை மரத்துக்கு மரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

"கூட்டிக்கினு போவ வந்துட்டு, போவச் சொல்லிட்டீங்களே" என்றாள் பொன்னி.

"இப்ப வந்தா ஒடம்புதாம்மா வரும்" என்றான். போகச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று நீலச் சட்டை மறைந்த இடத்தையே பார்த்தான்.

அந்தச் சாயங்காலம் அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். எழுந்தான், உட்கார்ந்தான். மேற்கே கருத்ததும் பொன்னியிடம் மழை வருமா என்றான். அவள் தெரியாது என்றாள். ஒரு கல் உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஏறுகிறதா என்று அவள் நட்ட கல்லை இமைக்காமல் பார்த்தான். ஏறவில்லை. ஏறிவிட்டதாகத் தோன்றியது. இல்லை. கச்சபேஸ்வரரைக் கூப்பிட்டான். போகச் சொன்ன கையையே ஒரு தடவை இன்னொரு கையால் அடித்துக்கொண்டான்.

மரங்களுக்குள் வெளிச்சம் குறைந்து, தண்ணீர் மட்டும் வெள்ளையாகத் தெரிந்த நேரத்தில் நீலச் சட்டை இறங்கி வந்தது. நொண்டியபடி வந்தது. பொன்னி கயிற்று நுனியில் கல்லைக் கட்டி வீசினாள். முதல் வீச்சு தண்ணீரில் போனது. இரண்டாவதை அகிலா பிடித்து ஒரு மரத்தில் இறுக்கிக் கட்டினாள். இறங்கினாள். இடுப்பளவு.

நடுவில் அவள் கால் ஒரு கல்லில் புரண்டு உடம்பு சாய்ந்தது. அவள் கயிற்றை விடவில்லை. ஆனால் எழ முடியவில்லை. குமரன் எப்போது இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. ஒரு கை கயிற்றில், தொடையில் தண்ணீர் முட்ட, காலுக்குக் கீழே கற்கள் நழுவ, கண்ணைக் கிட்டத்தட்ட மூடிக்கொண்டு அவன் போனான். அவள் முழங்கை கையில் பட்டது. பிடித்தான்.

கரையில் இரண்டு பேரும் நாய் மாதிரி இரைத்துக்கொண்டு கிடந்தார்கள். முதலில் பேசியது அகிலா.

"செருப்பு எங்கங்க?"

"சேத்துல போச்சு."

அவள் அவன் காலைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கால் கிழிந்திருந்தது.

"காலைலேர்ந்து அங்க நின்னுக்கினு இன்னாத்தான் அப்பிடிக் கத்தினீங்க?"

குமரன் காலை மெல்ல இழுத்துக்கொண்டான்.

"எனக்கு எல்லாம் கேட்டுச்சுக்கா" என்றாள் பொன்னி, உரச் சாக்கை உதறிக்கொண்டே. "சொல்லவா?"

"நீ கம்முனு இரும்மா!" என்றான் குமரன். பிறகு அவனே, ஓடையைப் பார்த்துக்கொண்டு, கட்டிய தொண்டையால் சொன்னான். "வாசப்படி மிதிக்காதன்னது என் வாய்க்கொழுப்பு. வூடு உன்னுது. எப்ப வேணா போ, எப்ப வேணா வா. ஆனா வா."

அகிலா பொட்டலத்தில் மிச்சமிருந்த இட்லியை எடுத்து, நனைந்த கையாலேயே பாதியைப் பிட்டு அவன் கையில் வைத்தாள். மீதியைத் தின்றாள்.

மறுநாள் ரோட்டில் ஒரு பக்கம் மட்டும் மண்ணை அள்ளிவிட்டு பஸ் விட்டார்கள். பள்ளத்தைப் பார்த்த ஜன்னல் சீட்டில் அகிலா. அவள் பார்வை ஜன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு வளைவில் எதிர்ச்சரிவு திறந்து, அங்கே இன்னொரு ஓடை வெள்ளை நூலாக இறங்குவது தெரிந்ததும் அவள் கழுத்து நீண்டது. குமரன் அதைக் கவனித்தான். தை மாதமோ மாசியோ, அந்த ஓடை தன்னை மறுபடியும் வாசலில் நிற்க வைக்கப் போகிறது.

அவன் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தின் பக்கமாகத் தலையை நீட்டினான்.

"மேல போனியே. இன்னா இருந்துது அங்க?"

அகிலா திரும்பி அவனைப் பார்த்தாள். கேலி செய்கிறானா என்று தேடுகிற மாதிரி பார்த்தாள்.

"சுனை கினை ஒண்ணும் இல்லங்க" என்றாள் மெதுவாக. "புல்லுதான். கால வெச்சா அமுங்குது, அமுங்கின எடத்துல தண்ணி வருது. அத மிதிச்சிட்டமேன்னு தள்ளி வெச்சா அங்கயும் வருது. எதுடா ஆறுன்னே தெரியல. நான் அப்பிடியே உக்காந்துட்டேன்..."

"உக்காந்து?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். பஸ் அடிவாரத்துக்கு வந்தது. போளூரில் இறங்கி வேறு பஸ் மாறினார்கள். ஆரணி தாண்டிய பிறகும் அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பின்சீட்டுக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.